எடை போடாத லூலா

என் வீட்டுக்காரர் பெரிய குளத்தில் மீன் பிடித்த கதையை அவர் வாயால் கேட்டால், நான் சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறவள். கதை முடியும்வரை பின்னால்தான் வருவேன். என் வாயால் கேட்டால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். அவர் இப்போது வீட்டில் இல்லை என்பதால் என் மாதிரியில் சொல்கிறேன்.

சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் அவர். அறைகளைச் சுத்தம் செய்கிற ரூம் பாயாகச் சேர்ந்து, கடைசியில் எல்லா ரூம் பாய்களுக்கும் மேலே இருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றுபோன காலத்தில் "கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருங்கள்" என்று அனுப்பினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். இவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. இளம் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

பல்லேபொலவில் எங்கள் வீட்டைச் சுற்றி மிளகுக் கொடியும் நாலு தென்னையும் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். நான் வீட்டிலிருந்து பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்கிறவள். என் நூல்கட்டைகளை நிறம் நிறமாக அடுக்கி வைத்தார். குசினியில் சட்டி மூடிகளுக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார், பிறகு எந்த மூடியும் எனக்குக் கிடைக்கவில்லை. காலையில் நான் எழுந்து முகம் கழுவிவிட்டு வருவதற்குள் கட்டில் விரிப்பை ஒரு சுருக்கமில்லாமல் இழுத்து விரித்து, தலையணையை நிமிர்த்தி வைத்திருப்பார். அடுத்ததாக ஒரு செம்பருத்திப் பூவையும் வைத்துவிட்டு டிப்ஸ் கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

சிரிக்கச் சொல்கிறேனே தவிர அப்போது சிரிப்பு வரவில்லை. மனுசன் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். பேச்சையும் குறைத்துவிட்டார். ஒருநாள் பின்னேரம் மூன்று மணிக்கு, கழுவி இஸ்திரி போட்ட பழைய ஹோட்டல் ஷேர்ட்டைப் போட்டுக்கொண்டு, முன் வாசல் கதிரையில் சும்மா உட்கார்ந்திருந்தார். எங்கேயாவது போகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அன்றைக்கே பரணில் ஏறினேன்.

பரணில் ஒரு தூண்டில் கம்பு கிடந்தது. எந்தக் காலத்திலோ ஒரு விருந்தாளி அறையில் விட்டுப்போனது, ரீலோடு. அதைத் துடைத்துக் கையில் கொடுத்து, "எங்கயாச்சும் போய்ட்டு வாங்க" என்றேன். போனார். அடுத்த சனிக்கிழமை நானும் கூட வரவேண்டும் என்றார். அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. முன்னால் தண்ணீரைப் பார்க்க ஒரு ஆள் என்றால் பின்னால் காட்டைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அப்படித்தான் நான் குளத்துக்குப் போனேன், யானை பார்க்க.

குளத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். மீன் பிடிக்கிறவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். தம்புள்ளைக்கு அப்பால், பெரிய குளம், அக்கரையில் நிற்கிற மாடு கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும். அவ்வளவு போதும்.

அவர் மீன் பிடிக்கிற விதத்தைப் பார்த்தால் வயலுக்கு உரம் எறிகிற மாதிரி இருக்கும். இங்கே ஒரு வீச்சு, அங்கே ஒரு வீச்சு, நடந்துகொண்டே ஒரு வீச்சு. இருநூறு விரால் பிடித்தவர் மாதிரி நிற்பார். விரால் என்று எழுதுகிறேன். எங்கள் பக்கம் லூலா என்றுதான் சொல்வோம். பிள்ளை பெற்றவளுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனுக்கும் ஆக்கிக் கொடுக்கிற மீன். நாலைந்து சனிக்கிழமை போயும் அவருக்குக் கையளவு திலாப்பியாதான் கிடைத்தது. அதையும் கீழே வைத்துவிட்டு "இன்னைக்குக் காத்து சரியில்ல" என்பார்.

நான் மடியில் தையல் வேலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யானை தினமும் வருவதில்லை. வேறு வேலையில்லாமல் தண்ணீரைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கியது. அவ்வளவு பெரிய குளத்தில் முக்கால்வாசி வெறும் தண்ணீர். மீனுக்கும் வீடு வாசல் உண்டு. தண்ணீருக்குள் மூழ்கிப்போன பழைய வண்டிப் பாதை ஒன்று இருக்கிறது, தண்ணீர் வற்றும்போது அதன் விளிம்பு தெரியும். பாதை முடிகிற இடத்தில் பட்டுப்போன மரக்குற்றிகள். ஆழமும் ஆழமில்லாததும் சந்திக்கிற அந்த ஓரத்தில்தான் பெரியது கிடக்கும். சின்னது தாமரை இலைக்கு இடையில் எங்கும் துள்ளும்.

லூலாவுக்கு மேலே வந்து மூச்சு வாங்கவேண்டும். சின்ன லூலா சளப்பென்று வந்து போகும், எல்லாருக்கும் தெரியும். பெரியது வருவது தெரியாது. சுடு தேத்தண்ணியை உறிஞ்சுகிற மாதிரி மெல்லிய ஒரு சத்தம், கைவளையல் அளவுக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். பிறகு வெகு நேரத்துக்கு வராது. அந்த வட்டத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் அதன் வீடு தெரிந்துவிடும். சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே எறிந்தால் நிச்சயம் கவ்வும். ஆனால் அங்கே எறியக்கூடாது என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். பிள்ளைக்காகப் பாய்கிறதைப் பிடித்துக்கொண்டுவந்து என் சட்டியில் போடவேண்டாம்.

அவருடைய பளபளப்பான போலி இரைகளும் எனக்குப் பிடிக்கவில்லை. தேய்ந்துபோன பச்சை இறப்பர் செருப்பை வெட்டி, உள்ளே கொக்கியை ஒளித்து, யூனிபோர்ம் கழுத்துப்பட்டியில் மிஞ்சிய துணியில் இரண்டு கால் வைத்து ஒரு தவளை செய்தேன். பெரிதாகவே செய்தேன். பெரிய வாய் சின்ன வாய்ச்சோற்றுக்காக எழுந்து வராது என்பது என் எண்ணம்.

"மூணாவது குற்றி. நிழல் பக்கம். போட்டுட்டு இழுக்காதீங்க. இருபது எண்ணுங்க" என்றேன்.

பன்னிரண்டு எண்ணுவதற்குள் தண்ணீர் உடைந்தது. அன்று வந்த லூலாவை அவர் சாக்கில் போடவில்லை. பஸ்ஸில் ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சந்தியில் கேட்டவர்களுக்கெல்லாம், "தண்ணிய வாசிக்கத் தெரியணும்" என்று சொன்னார். நான் சோற்றுப் பாத்திரத்தோடு பின்னால் நின்றேன். எனக்குக் கோபமில்லை. அன்று இரவு இரண்டாம் தரம் சோறு கேட்டார். அந்த வாய் எத்தனை பொய் சொன்னாலும் சோறு கேட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

பிறகு அவர் பெயர் பரவியது. சீகிரியாவில் விருந்தாளி வீடு நடத்துகிற ஒரு சிங்கள அம்மா, நோனா என்றுதான் சொல்வோம், ஹோட்டல் காலத்திலிருந்தே இவரைத் தெரிந்தவர், கூப்பிட்டு அனுப்பினார். சீகிரியாக் கல்மலையை ஏறிப் பார்த்தவர்கள் அடுத்த நாளே போய்விடுகிறார்கள், மீன் பிடிக்கக் கூட்டிப்போக ஒரு ஆள் இருந்தால் இன்னும் இரண்டு நாள் தங்குவார்கள் என்பது நோனாவின் கணக்கு. தவக்காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் வருகிறார், அவர் நாட்டில் பெரிய பெரிய ஏரிகளில் மீன் பிடிக்கிறதையே வேலையாக வைத்திருக்கிறவர். அவருக்கு ஒரு பெரிய மீன் காட்டிவிட்டால் நிரந்தர வேலை, யூனிபோர்மும் உண்டு.

யூனிபோர்ம் என்று சொல்லும்போது அவர் குரல் மாறியது. அந்த வேலை அவருக்குக் கிடைக்கவேண்டும் என்று நான் நேர்ந்துகொள்ளாத குறை. குறை என்ன, நேர்ந்துகொண்டேன். அந்த வெள்ளைக்காரரைக் குளத்துக்குக் கூட்டிப்போகிற வெள்ளிக்கிழமை, விடிகாலை பஸ்ஸில் நான் தனியாக முன்னால் போகும்போது வஹகோட்டை அந்தோனியார் கோவிலுக்குத் திரும்புகிற சந்தியில் சிலுவை அடையாளம் போட்டு, "அந்தோனியாரே, ஒண்ணே ஒண்ணு, பெருசா" என்றேன்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. மனைவியிடம் கேட்டுக் கேட்டு மீன் காட்டுகிறவனை யாரும் வேலைக்கு வைக்கமாட்டார்கள். ஆகவே நான் சோறாக்க வந்தவள். கரையில் குடையை விரிக்காமல் மடியில் வைத்திருப்பேன். குடை முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் அவர் விருந்தாளியைக் கூட்டிப்போவார். குடையை நிமிர்த்தினால், பேசாமல் காத்திரு என்று அர்த்தம்.

நோனாவின் வேனை என் வீட்டுக்காரர் ஓட்ட, வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார். கரை சேறாக இருந்ததால் வேன் குளக்கட்டிலேயே நின்றது. வெள்ளைக்காரர் அறுபதைத் தாண்டியவர், நெட்டை, மெதுவாகப் பேசுவார். பேச்சை இவர் எனக்கு நல்ல தமிழில் பெயர்த்துச் சொன்னார். அவர் ஊரில் பாஸ் என்று ஒரு மீனாம். சின்ன பாஸ் எல்லாருக்கும் கிடைக்குமாம். பெரிய ஏரியில் பெரிய பாஸ் எங்கும் இருக்காதாம், ஓர் ஓரத்தில், நிழலில், ஆழம் தொடங்குகிற இடத்தில் கிடக்குமாம். பெரிய இரை போட்டுப் பொறுமையாக இருக்கவேண்டுமாம். இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு முப்பது வருஷம் பிடித்ததாம்.

"அப்ப இவ்வளவு தூரம் பறந்து வந்து எனக்குத் தெரிஞ்சதத்தானே சொல்றாரு" என்றேன்.

"வாய மூடிட்டுக் குடையப் பாரு" என்றார் என் வீட்டுக்காரர், முகத்தில் ஹோட்டல் சிரிப்பைக் கலைக்காமல்.

பத்து மணிவரை ஒன்றுமில்லை. பிறகு தேத்தண்ணி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, இரண்டு குற்றிகளுக்கு நடுவில். குடையைத் திருப்பினேன். வெள்ளைக்காரர் தன் பெட்டியிலிருந்து ஏதோ எடுக்கப் போனார். இவர் என் செருப்புத் தவளையை நீட்டினார். அதைப் பார்த்து வெள்ளைக்காரர் சிரித்தார். ஆனாலும் தூண்டிலில் கட்டினார். முதல் வீச்சு தூரம் தவறியது. குடையை நிமிர்த்தினேன். காத்திருந்தோம். அந்த வட்டம் மறுபடி வருவதற்குள் ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லலாம். வந்தது. இரண்டாம் வீச்சு சரியான இடத்தில் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் நன்றாகச் சொல்வார். நான் பார்த்தது, வளைந்த கம்பும், தங்கூசி நூல் வெட்டிக்கொண்டு போகிற தண்ணீரும், முழங்கால் சேற்றில் சப்பாத்தோடு இறங்கிய வெள்ளைக்காரரும்தான். கரைக்கு வந்த லூலா என் கையின் நீளத்துக்கு இருந்தது. இந்தக் குளத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வெள்ளைக்காரர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஏதோ பேசினார். மீனோடுதான் பேசினார். கண் கலங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் நூறு சனிக்கிழமை வெயிலில் உட்காருவேன்.

எடை போடவேண்டும், படம் எடுக்கவேண்டும். தராசு வேனில். வெள்ளைக்காரரின் ஃபோனும் அங்கேதான் சார்ஜில் கிடந்தது. எங்கள் இருவரிடமும் இருந்தவை பட்டன் ஃபோன்கள். லூலா தண்ணீருக்கு வெளியேயும் வெகுநேரம் உயிரோடு கிடக்கும் மீன். நனைந்த சாக்கில் அதைப் பத்திரமாகச் சுற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு, வெள்ளைக்காரர் கட்டுக்கு ஏறினார். இவரும் பின்னால் ஓடினார். விருந்தாளி கையில் ஒரு கைலேஞ்சியைக்கூடத் தூக்கவிடாத பழக்கம் அவருக்கு.

நான் தனியாக இருந்தேன். அடுப்புக்கு மூன்று கல் வைத்தாகிவிட்டது. சோறு, பருப்பு, சம்பல் தயார். வெள்ளிக்கிழமை, தவக்காலம், இறைச்சி கிடையாது. புளிப்புக்குக் கொறுக்காய், தூள், தேங்காய்ப்பால் எல்லாம் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தேன். எங்கள் வீட்டில் மீன் பிடித்தவருக்குத்தான் தலை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, கண் கலங்கப் பிடித்த மனுசன் பசியோடு திரும்பி வரும்போது அவர் மீன் அவர் முன்னால் கொதிக்கவேண்டாமா. மீனுக்குச் சாம்பலைத் தேய்த்தேன், வழுவழுப்புப் போனது. செதிலைத் தட்டினேன். லூலா வெட்ட எனக்குப் பத்து நிமிஷம் போதும்.

அவர்களுக்குத் தராசைத் தேட இருபது நிமிஷம் எடுத்திருக்கிறது.

வெள்ளைக்காரர் கையில் தராசோடு வந்து நின்றார். சாக்கைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். தலை மேலேதான் இருந்தது, அவரையே பார்த்துக்கொண்டு. என் வீட்டுக்காரர் முகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கலையாத சிரிப்பு கலைந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகுதான் எனக்கு விஷயம் தெரியவந்தது. அந்த ஆள் மீனைப் பிடித்து, எடை போட்டு, படம் எடுத்துவிட்டு, திரும்பத் தண்ணீரில் விடுகிறவர். முப்பது வருஷமாக அப்படித்தான். நோனா அதை என் வீட்டுக்காரரிடம் இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். அவர் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் சிரிப்பேன் என்று நினைத்தாராம். உண்மைதான், சிரித்திருப்பேன். பிடித்த மீனைத் தண்ணீரில் விடுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்படி ஒருவர் இருக்கலாம் என்பது என் புத்திக்கு எட்டியதே இல்லை.

என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் வரும். சட்டியை இறக்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி, வாழையிலையில் தலை, பிறகு கழுத்து, பிறகு நடு, பிறகு வால் என்று வரிசையாக அடுக்கி, இடைவெளி தெரியாமல் நெருக்கி, கட்டில் விரிப்பின் சுருக்கத்தை எடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீவிவிட்டார். பிறகு எழுந்து நின்று, "ஃபோட்டோ, சார்" என்றார்.

வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. கோபப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. பந்தைக் கிணற்றில் போட்டுவிட்ட பிள்ளையின் முகம் அது. பிறகு ஏதோ கேட்டார், மெதுவாக. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்று பதில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. ஆனால் அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அது விளங்கியது.

வெள்ளைக்காரர் சோறும் பருப்பும் மட்டும் சாப்பிட்டார். மீனைத் தொடவில்லை. யானை இறங்குவதற்கு முன் வேனில் புறப்பட்டோம்.

தம்புள்ளையில் என்னை பஸ் ஏற்ற என் வீட்டுக்காரர் இறங்கியபோது கேட்டேன்.

"என்னங்க சொன்னீங்க அவருகிட்ட?"

"நான்தான் வெட்டச் சொன்னேன்னு சொன்னேன்."

"ஏன்?"

"பின்ன உன்னைச் சொல்றதா?" என்றார். பஸ் வந்துவிட்டது. பஸ்ஸில் சீட் இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பட்டது.

நோனாவிடமிருந்து ஒரு வாரம் தகவல் இல்லை. இரண்டாம் வாரம், வேறு ஒருவரைப் பார்ப்பதாகக் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் தூண்டில் கம்பைத் துடைத்துப் பரணில் வைத்தார். என் நூல்கட்டைகளை மறுபடி அடுக்கத் தொடங்கினார், இந்த முறை பருமன் பார்த்து. நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. கலைத்துக் கலைத்து வைத்தேன், அடுக்க ஏதாவது இருக்கட்டும் என்று.

மூன்றாம் வாரம், மாத்தளைக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறிச் சீகிரியாவுக்குப் போனேன். நோனா பூஞ்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கதிரையில் உட்காரச் சொல்லி, கோப்பி கொண்டுவரச் சொன்னார். நல்ல மனுசி. நான் கோப்பி வருமுன்பே சிங்களத்தில் சொல்லிவிட்டேன்.

"நோனா, அன்னைக்கு மீன வெட்டச் சொல்லி அவரு சொல்லல. யாரும் சொல்லல. நானா வெட்டினேன். அவரு அந்த நேரம் வேன்கிட்ட நின்னாரு."

நோனா தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார். "அவர் ஏன் அப்ப அப்படிச் சொன்னார்? விருந்தாளி சொன்னதைக் கேட்டும் கேட்காமல் மீனை வெட்டச் சொல்லுகிற ஆளை நான் எப்படி அனுப்புவது என்றுதான் யோசித்தேன்."

"தெரியாது நோனா" என்றேன். தெரியும். ஆனால் அதை நோனாவிடம் சொல்லமுடியாது. அது என்னுடையது.

நோனா எனக்கு எதிரே உட்கார்ந்தார். அந்த வெள்ளைக்காரர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாராம். மீன் போனது போனதுதான், ஆனால் இவ்வளவு பெரிய குளத்தில் இவ்வளவு குறுகிய நேரத்தில் அந்த மீன் கிடந்த இடத்தை இந்த ஆள் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தனக்கு விளங்கவில்லை, இப்படித் தண்ணீரைத் தெரிந்தவரைத் தான் அதிகம் பார்த்ததில்லை என்றாராம். அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் அடுத்த மாதம் வருகிறார்களாம்.

"உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க" என்றார் நோனா. "ஆனால் ஒன்று. கோபித்துக்கொள்ளவேண்டாம். விருந்தாளிகளோடு போகிற நாளில் நீங்கள் குளத்துக்கு வரக்கூடாது. சாப்பாட்டை நாங்கள் இங்கிருந்தே கட்டிக் கொடுப்போம்."

"சரி நோனா."

நான் எழுந்தபோது நோனா, ஏதோ தோன்றின மாதிரி கேட்டார். "நீங்களும் மீன் பிடிப்பீர்களா?"

வாய் வரைக்கும் வந்தது. பாதை, குற்றி, வட்டம், குடை, எல்லாம் வந்தது. கோப்பிக் கோப்பையைத் தட்டில் வைத்தேன்.

"இல்ல நோனா. சோறு கட்டிட்டுப் போறதுதான்."

யூனிபோர்ம் வந்தது. பச்சை ஷேர்ட், தோளில் சும்மா ஒரு பட்டி. இடுப்பில் கொஞ்சம் தொளதொளவென்றிருந்தது, நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். கண்ணாடி முன்னால் அரை மணித்தியாலம் நின்றார். சீகிரியாவிலேயே தங்கி, ஞாயிறு பூசைக்கு வீட்டுக்கு வருவது என்று ஏற்பாடு. "தண்ணிய வாசிக்கிறதுன்னா லேசுப்பட்ட வேலையில்ல" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினார். எனக்கு வாய் நிறையச் சிரிப்பு. அன்று நான் கும்பிட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைதான் விளங்கியது. வழக்கம்போல ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. சோற்றுப் பாத்திரத்தை எடுத்தேன், திரும்ப வைத்தேன். வெயில் ஏறும்போது இந்நேரம் குற்றியின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று யோசித்தபடி ஒரு காற்சட்டையை இரண்டு காலும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டேன். அந்தக் குளத்துக்கு நான் அவருக்காகத்தான் போனேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். காற்சட்டைத் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது.

"கேக்குதா?" அவர்தான், ரகசியக் குரலில். "சத்தமா பேச ஏலாது. பின்னால நிக்கிறாங்க. ஒண்ணுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"என்னங்க?"

"காலையிலயிருந்து ஒண்ணும் இல்ல. தண்ணி ரெண்டடி எறங்கியிருக்கு. காத்து மலப்பக்கமிருந்து வருது. எங்க போடச் சொல்றது?"

வேலை உங்களுடையது என்று சொல்ல நினைத்தேன். ஒரு நிமிஷம் நன்றாக அலையவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் கண்ணை மூடினதும் கரை தெரிந்துவிட்டது.

"குற்றிய விட்டுருங்க. தண்ணி எறங்கினா அது அங்க நிக்காது. பழைய பாத வளையிற எடத்துல ஒரு கல்லு தல காட்டும் பாருங்க. கல்லுக்கு அந்தப் பக்கம். காத்து தள்ளுற பக்கமா போடச் சொல்லுங்க. இழுக்க வேணாம்."

"எத்தன எண்ணணும்?"

"முப்பது."

அவர் ஃபோனை அணைக்கவில்லை, ஷேர்ட் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. நான் பையில் தைத்த பட்டன் உரசுகிற சத்தம் கேட்டது. சேற்றில் நடக்கிற சத்தம். இங்கிலீஷில் பேசுகிறார், ஹோட்டல் குரலில், அந்தக் கல்லைப் பற்றி. பிறகு எல்லாரும் பேசாமல் இருக்கிறார்கள். நான் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி எண்ணினேன். இருபத்தாறில் தண்ணீர் உடைகிற சத்தம் கேட்டது. ஆட்கள் கத்துகிறார்கள், யாரோ விழுகிறார்கள், என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். வேலை போனதிலிருந்து அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வெகு நேரம் அப்படியே கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார். மூச்சு வாங்கியது.

"இருக்கியா?"

"இருக்கேன். பெருசாங்க?"

"அன்னைக்குப் புடிச்சத விடப் பெருசு. எட போட்டு, படம் எடுத்து, இப்பதான் தண்ணியில விட்டாங்க." நான் மூக்கை உறிஞ்சியது கேட்டிருக்கும். "அழுவுறியா?" என்றார்.

"சந்தோசம்" என்றேன். பாதி உண்மை. அது நான் பிடித்த மீன். நான் பார்க்காமலே போய்விட்டது.